நெல்லிக்காட்டுக் கோடு

இல்ல அண்ணாச்சி, நான் இன்ஜினியர் இல்ல. பாலம் கட்டவும் வரல, ரோடு போடவும் வரல. அந்த டீக்கடைக்காரர் தப்பாச் சொல்லியிருக்கார். நான் கோடு போடறவன். சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் என் வேலை. பத்தொன்பது வருஷமா கோடு போட்டுத்தான் சாப்பிடறேன். அண்ணாச்சின்னு கூப்பிடலாம்ல? எனக்கு மாயவரம் பக்கம், வேலை மெட்ராஸ்ல. இந்தப் பக்கம் வந்தா அப்படித்தான் கூப்பிடணும்னு கூட வேலை பாக்கற ஹெப்சிபா சொல்லி அனுப்பிச்சா. வைத்தியலிங்கம்னு பேரு.

இந்த பஸ் திருநெல்வேலி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுமா? சரி. அப்ப கேக்கறீங்களா கொஞ்சம்? யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. வீட்டுல சொன்னா, "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல என்ன தப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறா. அதை நானே நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

உங்களுக்கு வாழைத் தோட்டம்னீங்கள்ல. தோட்டத்துக் கிணத்துல தினமும் காலையில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கறீங்கன்னு வைங்க. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு எண். அதை வெறுமனே பாத்தா ஒண்ணும் புரியாது. ஒவ்வொரு எண்ணையும் ஒரு புள்ளியா வச்சு, புள்ளியையெல்லாம் சேத்தா ஒரு கோடு வரும். மழை பெஞ்சா ஏறும், வெயில் அடிச்சா இறங்கும். பாத்த உடனே பச்சப்புள்ளைக்குக் கூடப் புரியும். அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் போடுது. எப்படிப் போடணும்னு கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கறது நான். அதுக்கு நிரல்னு பேரு.

இந்த மாதிரி வேலைகளையெல்லாம் எழுதி ஒரே இடத்துல தொகுத்து வச்சிருப்போம். அதுக்கு லைப்ரரின்னு பேரு. புத்தகம் படிக்கற லைப்ரரி இல்ல. ஆறு, ஏரி, கிணறு, மழை இதையெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க யார் வேணா எடுத்துக்கலாம், இலவசம். ஊற்றுன்னு பேரு வச்சிருக்கோம். வெளிநாட்டுல கூட ஊற்றுன்னுதான் சொல்றாங்க, அவங்க வாயில அது ஊத்துன்னு வரும். அதுல கோடு போடற பகுதி மட்டும் நானும் ஹெப்சிபாவும். ஹெப்சிபா உங்க பக்கத்துப் பொண்ணுதான், நாசரேத். எனக்குப் பத்து வருஷம் இளையவ. கெட்டிக்காரி. ஆனா ரொம்பக் கேள்வி கேப்பா.

இப்ப உங்களை ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. கிணத்தைப் பாக்கல. நோட்டுல அந்த ரெண்டு நாள் காலி. இப்பக் கோட்டை என்ன பண்றது?

என்னது, கண்டுக்காமச் சேத்துற வேண்டியதுதானா? அதான், அதேதான்! ஹெப்சிபா எழுதின பழைய நிரலும் அதைத்தான் பண்ணிச்சு. போறதுக்கு முன்னாடி நாள் புள்ளியையும் வந்த நாள் புள்ளியையும் நேரா இழுத்துச் சேத்துடும். பாக்கறவனுக்கு அந்த ரெண்டு நாளும் யாரோ கிணத்துல எட்டிப் பாத்த மாதிரியே இருக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற வேலை அது. பாக்காத நாளைப் பாத்த மாதிரி காட்டினா அதுக்குப் பேரு பொய்தானே? எட்டு மாசம் சண்டை போட்டேன் அண்ணாச்சி. நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு வச்சுக்குங்க. கூட்டத்துல, கடிதத்துல, கேன்டீன்ல, எங்க பாத்தாலும் இதே பேச்சு. பாக்காத நாள்ல கோடு அறுந்து நிக்கணும். அறுந்த இடத்தைச் சுத்திச் சிவப்பா ஒரு வட்டமும் வரணும், யாரும் தவற விட்டுடக் கூடாது.

ஹெப்சிபா கடைசி வரைக்கும் ஒத்துக்கல. சண்டைக்கு வரமாட்டா, மெதுவாத்தான் சொல்வா. "பழசு பொய்தான் சார். ஆனா வெறுமனே அறுத்து விட்டாலும் அது முழு உண்மை இல்லியே. ஏன் அறுந்துச்சுன்னு சொல்லணும்லா. அளவு எழுதற ரெஜிஸ்தர்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதையும் சேத்து வாங்கி, அறுந்த இடத்துல காட்டுவோம்"னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. குறிப்புக் கட்டத்துல என்ன இருக்கும்? ஒருத்தன் தமிழ்ல கிறுக்கியிருப்பான், ஒருத்தன் இங்கிலீஷ்ல கிறுக்கியிருப்பான், ஒருத்தன் பால் கணக்கு எழுதியிருப்பான். அதை யாரு உக்காந்து டைப் அடிக்கறது? "அடுத்த பதிப்புல பாக்கலாம்மா"ன்னேன். எங்க தொழில்ல அடுத்த பதிப்புன்னா, சர்க்கார் ஆபீஸ்ல நாளைக்கு வான்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. அவளுக்கும் அது தெரியும். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.

புதுப் பதிப்பு வந்துச்சு. எத்தனை பேரு பாராட்டி எழுதினாங்க தெரியுமா? நேர்மையான கோடுன்னே ஒரு வெள்ளைக்காரன் எழுதினான். அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜை மேல ஒட்டி வச்சேன். இப்பவும் இருக்கு. கிழிக்கல.

அப்புறம் அந்தக் கூட்டம். இந்த மலையடிவாரத்துல பன்னெண்டு ஓடையில அளவுகோல் நட்டிருக்காங்க. தண்ணிக்குள்ள நிக்குமே, எண் எழுதின பலகை, பாத்திருப்பீங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்து ஊர் ஆளு ஒருத்தரைப் போட்டிருக்காங்க. தினமும் காலையில எட்டு மணிக்குப் போய்ப் பாத்து, ரெஜிஸ்தர்ல எழுதணும். மாசக் கடைசியில எண்ணெல்லாம் எங்களுக்கு வரும். அன்னைக்கு மேலதிகாரிங்க முன்னாடி, பெரிய திரையில, பன்னெண்டு ஓடையோட ஆறு வருஷக் கோட்டையும் புது நிரல்ல போட்டுக் காட்டினேன். பதினோரு கோடு வழுவழுன்னு ஒரே இழை. பன்னெண்டாவது, நெல்லிக்காட்டு ஓடை, அங்கங்க அறுந்து கிடக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு ரெண்டு நாளா. ஆறு வருஷமும் அப்படியே. ஒவ்வொண்ணு மேலயும் என்னோட சிவப்பு வட்டம். தட்டம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்துச்சு.

"இது என்ன?"ன்னு பெரியவர் கேட்டார். "ரீடிங் எடுக்கல சார்"னேன். "இவ்வளவு நாளா ஏன் தெரியல?"ன்னார். "பழைய நிரல் மறைச்சிடுச்சு சார், இப்பத்தான் வெளியில வருது"ன்னேன். எவ்வளவு பெருமையாச் சொன்னேன்னு நினைக்கறீங்க! நிமிர்ந்து நின்னு சொன்னேன்.

வெளியில வரும்போது ஹெப்சிபா கேட்டா, "மத்த பதினோரு ஆளுக்கும் ஆறு வருஷத்துல ஒருநாள் கூடக் காய்ச்சல் வரலியா சார்? தீவாளி, கோயில் கொடை, கல்யாணம், சாவு ஒண்ணுமே வரலியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்கள்லாம் பொறுப்பான ஆளுங்கம்மா"ன்னேன்.

உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு பாத்தீங்களா. எனக்குப் புரியல. பத்தொன்பது வருஷ அனுபவம்.

ஆபீஸ்ல இருந்து நெல்லிக்காட்டுக்கு நோட்டீஸ் போச்சு. இனி ஒருநாள் விடுபட்டாலும் வேலை போயிடும்னு. நியமிக்கப்பட்ட நபர் நேரில் பார்த்துத்தான் எழுதணும், வேற யாரும் எழுதக் கூடாதுன்னு. கூடவே அந்தக் கோட்டுப் படத்தையும் வச்சு அனுப்பியிருக்காங்க. நான் அனுப்பல அண்ணாச்சி, அதைச் சொல்லிடறேன். நோட்டீஸ் எழுதினது ஆபீஸ். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பிரயோஜனம்? நான் படம் போட்டுக் குடுத்தேன். அவ்வளவுதான்.

சித்திரையில போச்சு நோட்டீஸ். வைகாசியில இருந்து நெல்லிக்காட்டுக் கோடு ஒரே இழை. ஒரு பிசிறு கிடையாது. நான் அதை ஹெப்சிபா மேஜையில கொண்டு போய் வச்சேன். "பாத்தியா, கோட்டைச் சரியாப் போட்டா ஆளும் சரியாயிடுவாங்க"ன்னேன். அவ அதை ரொம்ப நேரம் பாத்தா. திருப்பிக் குடுத்துட்டா. எனக்குக் கூட கொஞ்சம் வருத்தம்தான், ஒரு வார்த்தை பாராட்டினா என்னன்னு.

மார்கழியில கையேடு போட்டோம். ஊற்றை எப்படிப் பயன்படுத்தறதுன்னு விளக்கற புத்தகம். அட்டைக்கு ஒரு அளவுகோல் படம் வேணும். நெட்ல எடுத்துக்கலாம்னாங்க. நான்தான் வேண்டாம், நெல்லிக்காட்டுக்கே போய் எடுத்துட்டு வரேன்னேன். திருந்தின ஓடை இல்லியா! சொன்னா நம்ப மாட்டீங்க, இத்தனை வருஷத்துல நான் கோடு போட்ட ஒரு ஆத்தைக் கூட நேர்ல பாத்ததில்ல. அதான் முதல் தடவை.

டிசம்பர் இருபத்தெட்டு. காலையில முதல் பஸ்ல ஏறி ஏழு மணிக்கு இறங்கினேன். ஓடைக்குப் போற வழியிலேயே அளவு பாக்கறவங்க வீடு. முதல்ல அவங்களைப் பாத்து, அவங்களையும் நிக்க வச்சு ஒரு படம் எடுக்கலாம்னு நினைப்பு. சண்முகத்தாய்னு பேரு. ஆம்பளையா பொம்பளையான்னு கூட எனக்கு அது வரைக்கும் தெரியாது. எங்க கணக்குல அவங்க நிலையம் பன்னெண்டு.

வீட்டு முன்னாடி கூட்டம். சங்கு ஊதறான். கதவோரமா பெஞ்சு போட்டு ஒரு பொண்ணைப் படுக்க வச்சிருக்காங்க. பதினஞ்சு வயசு இருக்கும், ஆனா பாக்கப் பத்து வயசுதான் சொல்லலாம், அப்படி ஒடுங்கிப் போயிருந்துச்சு. சண்முகத்தாயோட ஒரே பொண்ணு. பொன்இசக்கி.

நான் என்ன பண்ணட்டும்? திரும்பிப் போனா பஸ் மத்தியானம்தான். தோள்ல பை, கழுத்துல கேமரா. வேலியோரமா நின்னேன். பக்கத்துல ஒரு அம்மா, அருணாசலவடிவுன்னு பேரு, அடுத்த வீடு. அவங்கதான் சொன்னாங்க. அந்தப் பிள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே ரத்தம் ஊறாத வியாதியாம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் ஏத்தணும். காலையில அஞ்சரை பஸ்ல போனா, ராத்தங்கி, மறுநாள் சாயங்காலம்தான் வர முடியும். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். தாயும் பிள்ளையும் மட்டும்.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை. ரெண்டு நாள். அண்ணாச்சி, எனக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்ல. கண்ணை மூடினா அந்தச் சிவப்பு வட்டமெல்லாம் எங்க எங்க இருக்குன்னு என்னால சொல்ல முடியும்.

"அது என்ன நோட்டீசோ வந்துச்சு. அன்னையில இருந்து அக்கா ஆத்தை விட்டு நவுரலய்யா"ன்னாங்க வடிவம்மா. "நாந்தான் ஏழெட்டு மட்டம் பிள்ளையக் கூட்டிட்டுப் போனேன். பொறவு எம்மவ பேறுகாலத்துக்கு வந்துட்டா. என்னால நவுர முடியல. அடுத்த வாரம் போவோம், அடுத்த வாரம் போவோம்னு ரெண்டு மட்டம் தப்பிப் போச்சு. காச்சல் கண்டுட்டு. பிள்ளை தாங்கல."

ஒண்ணு சொல்லணும். நான் திரும்பிப் போய் ஒரு டாக்டர்கிட்ட விசாரிச்சேன். அந்த வியாதி உள்ள பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா எப்பவுமே ஆபத்துதானாம். ரத்தம் ஒழுங்கா ஏத்தியிருந்தாலும் சொல்ல முடியாதுன்னார். சொல்ல முடியாதுன்னுதான் சொன்னார். இன்னும் ரெண்டு டாக்டர்கிட்டயும் கேட்டேன். ஒருத்தர் அப்படியேதான் சொன்னார். இன்னொருத்தர் வேற மாதிரி சொன்னார். அவருக்கு அவ்வளவு அனுபவம் இருக்கற மாதிரி தெரியல.

தண்ணி இருக்கா அண்ணாச்சி? ஒரு வாய் குடுங்க.

எட்டு மணி இருக்கும். மணி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா வடிவம்மா வீட்டு ரேடியோவுல எட்டு மணி சொன்னதும் யாரோ வந்து அதை நிறுத்தினாங்க. சண்முகத்தாய் பிள்ளை தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. அழல. தலையை நீவி விட்டுக்கிட்டே இருந்தாங்க. நிமிர்ந்தவங்க என்னைப் பாத்துட்டாங்க. பேன்ட் சட்டை, பை, கேமரா. அந்த ஊர்ல அப்படி வர்றவன் யாரு? எழுந்திருக்கப் பாத்தாங்க அண்ணாச்சி. பிள்ளை தலைமாட்டுல இருந்து, எனக்காக எழுந்திருக்கப் பாத்தாங்க.

"ஆபீஸ்லருந்து வந்திருக்கீயளா சார்?"ன்னாங்க. கூட்டமே என்னைத் திரும்பிப் பாக்குது. "இன்னைக்கி விட்டுறாம எழுதிருதேன் சார்"னாங்க.

வேண்டாம்மான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. எட்டு மாசம் கோட்டுக்காகச் சண்டை போட்ட வாய்தானே இது? வரல. தலையை மட்டும் ஆட்டினேன். நான் வேண்டாம்னுதான் ஆட்டினேன். அவங்க அதைச் சரின்னு எடுத்துக்கிட்டாங்க. உக்காந்துட்டாங்க.

அதுக்கப்புறம் அங்க நிக்க முடியல. ஓடைப் பக்கம் போனேன். அளவுகோலுக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டகை. உள்ள ஆணியில மஞ்சப் பையில ரெஜிஸ்தர் தொங்குது. எடுத்துப் பாத்தேன். கையெழுத்து அவ்வளவு அழகா இருக்கும்னு நினைக்கல. ஒவ்வொரு நாளும் அளவு, நேரம், கையெழுத்து. கடைசியில குறிப்புக் கட்டம். காலியா விட்ட ஒவ்வொரு நாளுக்கும் நேரா எழுதியிருக்காங்க. "இசக்கிக்கு ரத்தம் ஏத்தப் போனோம். பார்க்கவில்லை." ஆறு வருஷமா, ஒண்ணு விடாம. "பார்க்கவில்லை, பார்க்கவில்லை"ன்னு. மத்த பதினோரு பேரும் போகாத நாளுக்கு வீட்டுல உக்காந்து எழுதியிருப்பாங்க. இவங்க ஒருத்தர்தான் பாக்கலைன்னா பாக்கலைன்னு எழுதினவங்க. நான் நேர்மையான கோடு, நேர்மையான கோடுன்னு குதிச்சேனே, அந்தப் பன்னெண்டுல நேர்மையா இருந்தது அது ஒண்ணுதான்.

வைகாசிக்கு அப்புறம் குறிப்புக் கட்டத்துல ஒண்ணும் இல்ல.

படம் எடுக்கல. மத்தியானம் தூக்கிட்டுப் போனாங்க. நான் வர்ற வழியெல்லாம் பஸ்ல இதே மாதிரி ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தேன்.

ஜனவரியில மாசக் கணக்கு வந்துச்சு. நெல்லிக்காட்டுப் பக்கத்தைத் திறக்கவே ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. டிசம்பர் இருபத்தேழு, ஒண்ணு புள்ளி நாலு பூஜ்யம். இருபத்தொன்பது, ஒண்ணு புள்ளி மூணு ஆறு. இருபத்தெட்டு, ஒண்ணு புள்ளி மூணு எட்டு. காலை எட்டு மணி.

எட்டு மணிக்கு அவங்க எங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். இந்த உலகத்துல வேற எவனுக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரியும்.

முன்னாடி நாளையும் மறுநாளையும் பாத்து, சரியா நடுவுல உள்ள எண்ணை எழுதியிருக்காங்க. பழைய நிரல் பண்ணின அதே கணக்கு அண்ணாச்சி. துளி மாறாம அதே கணக்கு. நான் எட்டு மாசம் சண்டை போட்டு அதைக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தேன். எடுத்து அவங்க கையில குடுத்துட்டேன். கம்ப்யூட்டர் போட்ட வரைக்கும் அது கம்ப்யூட்டரோட பொய். அவங்க ரெஜிஸ்தர்ல பொய் கிடையாது.

ஹெப்சிபாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அழுதா. "அன்னைக்கே சொன்னேன்லா சார்"னு கேப்பான்னு பாத்தேன், கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாள்ல இருந்து உக்காந்து எழுத ஆரம்பிச்சா. குறிப்புக் கட்டத்தை வாங்கி, கோடு அறுந்த இடத்துல அதைக் காட்டற நிரல். மூணே வாரம். நான் அடுத்த பதிப்பு அடுத்த பதிப்புன்னு தள்ளினது வெறும் மூணு வார வேலை. சிவப்பு வட்டத்தையும் எடுத்துட்டோம். ஆபீஸ்ல பெரியவரைப் பாத்து, காரணம் எழுதியிருந்தா நாள் விடுபடலாம், அதுக்காக ஆளை எடுக்கக் கூடாதுன்னு கெஞ்சி, வாய்மொழியாச் சரின்னும் வாங்கினேன். எழுத்துல தர மாட்டேன்னுட்டார். வாய்மொழியாத்தான்.

அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். புது நிரல்ல நெல்லிக்காட்டுக் கோட்டைப் போட்டு, பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்துக் கொண்டு வந்தேன். பழைய ரெஜிஸ்தர்ல உள்ள குறிப்பெல்லாம் ஹெப்சிபாவே உக்காந்து டைப் அடிச்சிருக்கா. இந்தா பாருங்க, இதான். இருபத்தெட்டாம் தேதியில அந்த ஒண்ணு புள்ளி மூணு எட்டை எடுத்துட்டோம். கோட்டை அறுத்து விட்டிருக்கோம். மேல சின்ன எழுத்துல, "அளவு பார்ப்பவர் மகள் மறைவு. பார்க்கவில்லை." இதுதான் சரின்னு நினைச்சேன் அண்ணாச்சி. உண்மையும் இருக்கும், காரணமும் இருக்கும். யாரும் குறை சொல்ல முடியாது. அவங்ககிட்ட குடுத்தா மனசு கொஞ்சம் ஆறும்னு நினைச்சேன். யாரோட மனசுன்னு கேக்காதீங்க.

காலையில ஓடையிலேயேதான் இருந்தாங்க. முழங்கால் தண்ணியில நின்னு அளவுகோலைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. பாசி படிஞ்சா எண் தெரியாதாம். கரையேறி, கையைச் சேலையில துடைச்சுட்டுத் தாளை வாங்கினாங்க. நல்லாப் படிப்பாங்க, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. ஒவ்வொரு குறிப்பா விரலை வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தாங்க. இசக்கிக்கு ரத்தம், இசக்கிக்கு ரத்தம். கடைசி இடத்துக்கு வந்ததும் விரல் நின்னுடுச்சு.

"இது எதுக்கு சார்?"ன்னாங்க.

விளக்கினேன். அந்த எண் பாக்காம எழுதினது, அதனால எடுத்துட்டோம், பயப்படாதீங்க, வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன்.

"பாக்காம எழுதினதுதான் சார். இல்லங்கல. முந்துன நாளு ஒண்ணு நாப்பது, மறுநாளு ஒண்ணு முப்பத்தாறு. நடுவுல என்ன இருக்கும்? எல்லாரும் அப்பிடித்தான எழுதுதாவ. எனக்குத்தான் தெரியாமப் போச்சு"ன்னாங்க. கோவமே இல்ல அண்ணாச்சி குரல்ல. கோவமா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். "இத மெட்ராஸ்ல பெரிய திரையில போடுவீயளா சார்?"ன்னாங்க.

போடுவோம்னேன். பொய் சொல்லத் தோணல.

"அப்பம் வேண்டாம் சார். இது ஆத்துக் கணக்கு. இதுல எம்பிள்ளைய எதுக்குப் போடுதீய? ஆரு எவருன்னு தெரியாதவியள்லாம் பாக்கதுக்கா? உயிரோட இருக்கையில நானே எழுதித்தான் வச்சேன், அப்பம் ஆரும் படிக்கல. இப்பம் படிச்சு என்ன சார் செய்யப் போறாவ? நான் எழுதுனபடிக்கே இருக்கட்டும்." தாளை நாலா மடிச்சு என் கையில குடுத்துட்டாங்க. பாருங்க, மடிப்பு எவ்வளவு நேரா இருக்கு.

அந்த ஒண்ணு புள்ளி மூணு எட்டை அப்படியே விடப் போறேன் அண்ணாச்சி. ஹெப்சிபாகிட்ட சொல்லணும். நெல்லிக்காட்டுக் கோட்டுல ஒரு புள்ளி பொய், அது பொய்னு தெரிஞ்சுக்கிட்டே நான் கையெழுத்துப் போடப் போறேன். வேற என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க? எடுத்தா அவங்க வேண்டாம்னதைச் செஞ்ச மாதிரி. காரணம் போடாம எடுத்தா, அந்த வாய்மொழி வாக்கும் நிக்காது, அவங்க வேலையைப் பணயம் வச்ச மாதிரி. விட்டா, பத்தொன்பது வருஷம் நான் பேசினதெல்லாம் என்னாச்சு? என்னவோ ஆகட்டும்.

உங்க ஊர் வந்துடுச்சா? அடுத்ததா? சரி சரி, வாழைத்தாரை எடுத்து வச்சுக்குங்க. நான் பிடிக்கறேன் ஒரு பக்கம்.

கிளம்பும்போது பஸ் வர்ற வரைக்கும் கூடவே வந்து ரோட்டுல நின்னாங்க. என் முகத்தைப் பாத்திருப்பாங்க போல. பஸ் வந்து நான் படியில கால் வைக்கும்போது சொன்னாங்க. "வெசனப்படாதீய சார். முன்னால மாதிரி இனி எனக்கு எங்கயும் போக வேண்டிய சோலி இல்ல. தெனமும் எட்டு மணிக்கு ஆத்துலதான் நிப்பேன். ஒங்க கோடு இனி அறாது"ன்னாங்க.

என்னைத் தேத்தறாங்க அண்ணாச்சி. அவங்க, என்னை.